கடல் கடந்த ஆசிரியைகள்

எமது கல்லூரி அன்னை நூறு அகவை காணும் இவ்வேளையில் மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி சங்கத்தினர் கேட்டனர். வரலாறு படித்தவள், பின்னர் அதனையே படிப்பித்தவள் என்ற உரிமையில் மறுக்க முடியவில்லை. எதைப் பற்றி எழுதுவது என்று எண்ணியபோது நினைவுக்கு வந்தது வகுப்பறையில் நாம் மனனம் செய்த ஒரு வரி: "சங்கமித்தை வெள்ளரசுக் கிளையை இலங்கைக்குக் கொண்டுவந்தார்." பரீட்சையில் அதற்கு ஒரு புள்ளி. எழுதினோம், புள்ளியைப் பெற்றோம், அடுத்த வினாவுக்குப் போனோம். சங்கமித்தை ஏன் வரவேண்டியிருந்தது என்று நாம் கேட்கவில்லை. அவர் கொண்டுவந்தது மரக்கிளை மட்டுந்தானா என்றும் கேட்கவில்லை.

அந்த வினாக்களுக்கு விடை தேடினால் அது எம்மை அனுராதபுரத்திலிருந்து சீனத்தின் நான்ஜிங் நகர் வரை அழைத்துச் செல்கிறது. பண்டைய உலகில் அறிவு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எவ்வாறு சென்றது என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறொன்று உண்டோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இதில் நடுநாயகமாக நிற்பவர்கள் பெண்கள். அதனாலும் இது எமது மலருக்குப் பொருந்தும்.

காத்திருந்த அனுலாவும் கடந்து வந்த சங்கமித்தையும்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகரின் மைந்தர் மகிந்தர் இலங்கைக்கு வந்து போதித்தபோது அதனைக் கேட்டவர்களுள் அரச குடும்பத்துப் பெண்ணான அனுலாவும் ஒருவர். அவர் தேவநம்பியதீசனின் தம்பியும் உபராசனுமாகிய மகாநாகனின் மனைவி. தாமும் தம் தோழியரும் துறவு பூண விரும்புவதாக அனுலா கேட்டார். பெண்களுக்குத் துறவு வழங்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும், தம் சகோதரி சங்கமித்தை பாடலிபுத்திரத்தில் இருக்கிறார், அவரை அழைப்பியுங்கள் என்றும் மகிந்தர் மறுமொழி கூறினார் என்கிறது மகாவம்சம்.

இந்த விதிக்கு ஒரு காரணம் உண்டு. பௌத்த ஒழுக்க நூலாகிய விநயத்தின்படி ஒரு பெண் முழுமையான பிக்குணி ஆவதற்கு இரண்டு சங்கங்களின் ஏற்பு வேண்டும். முதலில் பிக்குணிகள் சங்கம், பின்னர் பிக்குகள் சங்கம். ஏற்புச் சடங்கிலே துறவு வேண்டி நிற்பவரிடம் உடல்நலம் பற்றியும் குடும்பநிலை பற்றியும் பல வினாக்கள் கேட்கப்படும். அவற்றுட் சில பெண்ணின் உடல் பற்றியவை. ஆண்கள் அவையிலே அவற்றுக்கு விடைகூற முடியாமல் பெண்கள் நாணி நின்றமையால், அவ்வினாக்களைப் பிக்குணிகளே முதலில் கேட்கும் வழக்கம் வந்தது என்று விநயமே சொல்கிறது. ஆகவே பிக்குணிகள் இல்லாத நாட்டில் புதிய பிக்குணி ஒருவர் உருவாக முடியாது. ஆசிரியை இல்லாமல் மாணவி இல்லை.

அனுலாவும் தோழியரும் பத்துச் சீலங்களை ஏற்று நகரிலே ஒரு மனையில் தங்கிக் காத்திருந்தனர். சங்கமித்தை பதினொரு பிக்குணிகளுடன் கடல் வழியாக வந்து சம்புகோளத் துறையில் இறங்கினார். யாழ்ப்பாணத்து வடகரையில் மாதகலுக்கு அண்மையிலுள்ள சம்பில்துறையே அத்துறை என்று ஆய்வாளர் கருதுவர். வெள்ளரசு மண்ணில் ஊன்றியது. அதனோடு பிக்குணிகள் மரபும் ஊன்றியது. தீபவம்சம் என்னும் நாட்டின் மிகப் பழைய வரலாற்று நூல், அனுராதபுரத்தில் விநயம் கற்பித்த பிக்குணிகளின் பெயர்களை நீண்ட வரிசையாகத் தருகிறது. அந்நூலைத் தொகுத்தவர்களே பிக்குணிகளாக இருத்தல் கூடும் என்று அறிஞர் சிலர் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெண்பட்டு விசிறி

இனி எழுநூறு ஆண்டுகளை ஒரே அடியாகக் கடந்து வருவோம். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம். மகாநாம மன்னன் காலத்து அனுராதபுரம் ஆசியாவின் பெரிய கல்வி நகரங்களுள் ஒன்று. இந்தியாவிலிருந்து வந்த புத்தகோசர் மகாவிகாரையில் தங்கி, சிங்கள உரைகளை அடிப்படையாகக் கொண்டு பாளியில் உரைகள் எழுதினார். சோழநாட்டு உறையூரைச் சேர்ந்தவர் எனக் கொள்ளப்படும் புத்ததத்தரும் இவ்வட்டத்தைச் சேர்ந்தவரே. காஞ்சியும் நாகபட்டினமும் அனுராதபுரமும் ஒன்றோடொன்று நூலும் ஆளும் பரிமாறிக்கொண்ட காலம் அது.

அங்கேதான் சீனத்துத் துறவி பாஹியன் வந்து சேர்ந்தார். முறையான விநய நூல்கள் தம் நாட்டில் இல்லையே என்ற குறையுடன் 399ஆம் ஆண்டில் சாங்கான் நகரிலிருந்து நடந்தே புறப்பட்டவர் அவர். பாலைநிலத்தையும் பனிமலைகளையும் கடந்து இந்தியாவில் பல ஆண்டுகள் கற்றுப் பின் இலங்கையில் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அபயகிரியில் ஐயாயிரம் பிக்குகளும் மகாவிகாரையில் மூவாயிரம் பிக்குகளும் இருந்தனர் என்று அவர் எழுதி வைத்தார்.

அபயகிரியில் ஒருநாள் புத்தர் சிலையின் முன் வணிகர் ஒருவர் வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைப்பதைப் பாஹியன் கண்டார். அது சீனத்து விசிறி. உடன் புறப்பட்டவர்களில் சிலர் வழியில் இறந்தனர், சிலர் பிரிந்தனர். தன்னந்தனியாய் நின்ற முதியவரின் கண்களில் நீர் நிறைந்தது. இன்று வெளிநாட்டுக் கடைத்தெருவில் ஒரு பனங்கட்டிக் குட்டானைக் கண்டு நின்றுவிட்ட பழைய மாணவியருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இலங்கையில் தேடிப் பெற்ற நூல்களோடு அவர் கப்பலேறினார். இருநூறுக்கு மேற்பட்டோர் சென்ற வணிகக் கப்பல் அது. புறப்பட்ட சில நாட்களில் புயல் தாக்கிக் கப்பல் நீர் கசிந்தது. பாரம் குறைக்க வணிகர் தம் பண்டங்களைக் கடலில் எறிந்தனர். பாஹியன் தம் நீர்க்குடத்தையும் கைகழுவும் பாத்திரத்தையும் எறிந்தார். நூல்களையும் எறிந்துவிடுவார்களோ என்பதே அவருடைய அச்சம். தொண்ணூறு நாட்களுக்கு மேல் அலைந்து யேபோதி என்று அவர் குறிப்பிடும் தென்கிழக்காசியத் தீவொன்றை அடைந்து, ஐந்து மாதம் காத்திருந்து, வேறு கப்பல் ஏறினார். ஐம்பது நாளில் முடியவேண்டிய பயணம் எழுபது நாட்களுக்கு மேல் நீண்டது. குடிநீர் வற்றியது. இவர் கப்பலில் இருப்பதால்தான் இடர் வந்தது, ஏதேனும் ஒரு தீவில் இறக்கிவிடுவோம் என்று சக பயணிகள் பேசிக்கொண்டதும் உண்டு. ஈற்றில் நூல்கள் சீனத்தை அடைந்தன. அவற்றுள் ஒன்றாகிய மகீசாசக விநயம் 423ஆம் ஆண்டில் காஷ்மீரத்துப் புத்தஜீவரைக் கொண்டு சீனத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கப்பட்டது. மூலநூல் இன்று முழுமையாக எங்கும் இல்லை. சீன மொழிபெயர்ப்பே முழுமையாக எஞ்சியிருக்கிறது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த தலைமுறையினராகிய எமக்கு, பிறிதோரிடத்தில் ஒரு படி இருப்பதன் பெறுமதி தெரியும்.

படகிலே துறவேற்ற ஆசிரியை

நூல்கள் போய்ச் சேர்ந்தன. ஆனால் நூல் மட்டும் போதுமா? இந்த வினாவை எழுப்பியவர்கள் பெண்கள்.

சீனத்தின் முதற் பிக்குணி எனப் போற்றப்படுபவர் சூ ஜிங்ஜியான். அதிகாரி ஒருவரின் மகள். இளவயதிலேயே கணவரை இழந்து வறுமையுற்று, உயர்குடிப் பிள்ளைகளுக்கு யாழ் போன்ற நரம்பிசைக் கருவியும் எழுத்துக்கலையும் கற்பித்துப் பிழைத்தார். பௌத்தம் கேட்டு, துறவு வேண்டினார். பிக்குணிகள் எவரும் அந்நாட்டில் இல்லை. 357ஆம் ஆண்டில் அவருக்கும் மற்றும் மூவருக்கும் ஏற்பு வழங்க முயன்றபோது, விதிப்படி இது செல்லாது என்று சீனப் பிக்கு ஒருவர் தடைசொன்னார். ஆகவே ஆற்றில் மிதந்த படகொன்றில், பிக்குகளிடமிருந்து மட்டும் அந்நால்வரும் ஏற்புப் பெற்றனர். அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அவ்வாறே. எழுபது ஆண்டுகளாகச் சீனப் பிக்குணிகள் வாழ்ந்தார்கள், கற்றார்கள், கற்பித்தார்கள். எனினும் "எமது ஏற்பு முழுமையானதா?" என்ற ஐயம் அடியில் இருந்துகொண்டே இருந்தது.

நந்தியின் கப்பல்

429ஆம் ஆண்டில் நந்தி என்னும் கப்பற் தலைவர் இலங்கையிலிருந்து பிக்குணிகள் எண்மரை ஏற்றிக்கொண்டு தென்சீனத்தை ஆண்ட சோங் அரசின் தலைநகராகிய ஜியான்காங்குக்கு வந்து சேர்ந்தார். இன்றைய நான்ஜிங் அதுவே. அதற்கு முந்திய ஆண்டில்தான் மகாநாம மன்னனின் மடல் ஒன்று அவ்வரசுக்குச் சென்றதாகச் சீன அரச வரலாறு குறிக்கிறது. அந்தப் பாதையை எண்ணிப் பாருங்கள். சோளகக் காற்று பிடித்து வங்கக் கடலைக் கடக்கவேண்டும். தென்கிழக்காசியத் துறைகளிலே அடுத்த காற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். பின் மீண்டும் கடல். பாஹியன் பட்ட பாடு நடந்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

வந்தவர்கள் நகரிலிருந்த பிக்குணி மடமொன்றில் தங்கினர். அங்கே செங்குவோ என்ற இளம் சீனப் பிக்குணியிடம் அவர்கள் ஒன்றை வினவினர். எமக்கு முன்னர் வெளிநாட்டுப் பிக்குணிகள் எவரேனும் இங்கு வந்ததுண்டா? இல்லை என்றார் செங்குவோ. அப்படியாயின் உங்கள் நாட்டுப் பெண்கள் இரு சங்கங்களின் ஏற்பை எவ்வாறு பெற்றனர்?

அனுலாவிடம் மகிந்தர் சொன்ன அதே விதி. எழுநூறு ஆண்டுகள் கழிந்து, அந்த விதியால் பயன்பெற்றவர்களின் வழிவந்தோர் அதனை வேறொரு நாட்டுப் பெண்களிடம் வினாவாகக் கேட்டனர். "நீங்கள் உண்மையான பிக்குணிகள் அல்லர்" என்று இகழும் தொனி அதில் இல்லை. ஆசிரியை மாணவியைச் சிந்திக்க வைக்கும் தொனியே இருக்கிறது.

சீனப் பிக்குணிகள் அப்போது தலைநகரிலிருந்த குணவர்மரை நாடினர். அவர் காஷ்மீர அரச குடும்பத்தில் பிறந்து, இலங்கையிலும் சாவகத்திலும் தங்கிச் சீனம் சென்ற அறிஞர். முன்னைய ஏற்பு பழுதன்று, எனினும் மீண்டும் முறைப்படி பெறுவது நன்மையே என்று அவர் கூறினார். ஆனால் ஒரு தடை இருந்தது. சடங்குக்குப் பத்துப் பிக்குணிகள் வேண்டும். வந்திருந்தவர்கள் எண்மர். அவர்களுள்ளும் துறவில் வேண்டிய ஆண்டுகள் நிரம்பாதோர் இருந்தனர். ஆகவே இரண்டு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. கப்பற் தலைவர் மூலம் மேலும் பிக்குணிகளை அழைப்பது ஒன்று. வந்தவர்கள் அதுவரையில் சீனமொழியைக் கற்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது ஏற்பாட்டையே நான் பெரிதாக எண்ணுகிறேன். ஏற்புச் சடங்கின் வினாக்களை, நிற்பவர் விளங்கி விடை சொல்லவேண்டும். கேட்பவருக்கும் அவ்விடை விளங்கவேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் நிறுத்தினால் அந்தரங்க வினாக்கள் மீண்டும் நாணத்துக்குரியவை ஆகிவிடும். அதனால் கற்பிக்க வந்த பெண்கள் முதலில் மாணவியராயினர். எழுத்துக்கள் ஆயிரக்கணக்கில் உள்ள அந்த மொழியை, வீட்டுக்குத் திரும்பும் நாள் தெரியாமல், நான்கு ஆண்டுகள் இருந்து கற்றனர்.

குணவர்மர் 431இல் காலமானார். 433இல் நந்தியின் கப்பல் மீண்டும் வந்தது. இம்முறை பதினொருவர். சங்கமித்தையோடு வந்தோர் தொகையும் பதினொன்றே என்பது வியப்பான ஒற்றுமை. முன்னர் வந்தவர்கள் அதற்குள் சீனமொழியில் தேர்ச்சி பெற்றுவிட்டனர். 434இல் இந்திய அறிஞர் சங்கவர்மர் தலைமை தாங்க, முந்நூறுக்கு மேற்பட்ட சீனப் பெண்கள் இரு சங்கங்களின் ஏற்பையும் முறைப்படி பெற்றனர்.

அந்த ஐயம் அன்றோடு தீர்ந்தது. ஒரு தலைமுறைக்குள், 466இல், பாவோசியன் என்னும் பிக்குணியைத் தலைநகரின் பிக்குணிகள் அனைவருக்கும் மேலதிகாரியாகப் பேரரசர் நியமித்தார். பெண்களின் அமைப்பைப் பெண்ணே நிருவகித்தார். அந்த மரபு பின்னர் கொரியா, வியட்நாம், தாய்வான் எனப் பரவி இன்றும் உயிரோடு இருக்கிறது.

மணிமேகலையின் மாற்றுருவம்

தமிழில் எமக்கு இதனோடு வைத்து எண்ணத்தக்க காப்பியம் ஒன்று உண்டு. மணிமேகலை துறவு பூண்டு கடல் கடந்து மணிபல்லவம் செல்கிறாள். அது எமது நயினாதீவே என்பர் பலர். பின்னர் வஞ்சி நகரத்தில் பல சமயத்துக் கணக்கர்களிடமும் அவரவர் கொள்கைகளைக் கேட்டறிகிறாள். அப்போது அவள் தன்னுருவில் செல்லவில்லை. இளம்பெண் என்று எண்ணி மெய்ப்பொருளை உரைக்கமாட்டார்கள் என்பதால், ஆண் துறவியின் உருவம் கொண்டு செல்கிறாள். காஞ்சியில் அறவண அடிகளிடம் செல்லும்போதே சொந்த உருவில் மாணவியாக இருக்கிறாள்.

காப்பியத்துப் பெண்ணுக்கு மந்திரம் கைகொடுத்தது. கப்பலேறிய பெண்களுக்கு மந்திரம் இல்லை. அவர்கள் பெண்களாகவே சென்று, பெண்களுக்கே கற்பித்தனர்.

இங்கே அணைந்து அங்கிருந்து வந்தது

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் படையெடுப்போடு அனுராதபுரத்தின் ஆட்சி சிதைந்தது. அரச ஆதரவில் வாழ்ந்த மடங்கள் நிலைகுலைந்தன. இதனை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. அதே சோழர் ஆட்சியில் திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயருடன் தமிழரின் கொடைகளைப் பெற்றது என்பதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. இரண்டும் உண்மையே.

சோழரை வெளியேற்றிய முதலாம் விசயபாகு, பிக்குகளின் ஏற்பு மரபை மீட்கப் பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்தான். பிக்குணிகளின் மரபை எவரும் மீட்கவில்லை. சங்கமித்தை ஏற்றிய விளக்கு, ஆயிரம் ஆண்டுக்கு மேல் எரிந்த பின், இலங்கையில் அணைந்தது.

மீதி வரலாறு எமது காலத்தது. 1996 டிசம்பரில் இந்தியாவின் சாரநாத்தில், கொரிய பிக்குணிகளின் துணையோடு, இலங்கைப் பெண்கள் சிலர் பிக்குணிகளாயினர். அவர்களை வழிநடத்திய குசுமா அம்மையார், பிக்குணிகளின் விநயத்தையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தவர். 1998 பெப்ரவரியில் புத்தகயாவில் தாய்வான் மடமொன்றின் ஏற்பாட்டில் மேலும் பலர் ஏற்புப் பெற்றனர். அடுத்த மாதமே தம்புள்ளையில் இலங்கை மண்ணிலேயே சடங்கு நிகழ்ந்தது. இந்த ஏற்பு செல்லுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பிறநாட்டு மரபு இது என்றனர் மறுத்தோர். ஆதரித்தோர் காட்டிய சான்றுகளுள் முதன்மையானது 434ஆம் ஆண்டு நிகழ்ச்சியே: நாம் கொடுத்ததையே திரும்பப் பெறுகிறோம் என்றனர். அன்று அந்தப் பெண்கள் கப்பலேறாமல் இருந்திருந்தால், திருப்பித் தருவதற்கு எவரிடமும் எதுவும் இருந்திராது.

பெயர்கள்

இவ்வளவும் எமக்கு எப்படித் தெரியும்? மகாவம்சமும் அதன் தொடர்ச்சியும் மன்னர்களின் போர்களையும் குளங்களையும் விரிவாகப் பேசுகின்றன. நந்தியின் கப்பலில் சென்ற பெண்களைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. 516ஆம் ஆண்டளவில் பாவோசாங் என்னும் சீனத் துறவி, அறுபத்தைந்து பிக்குணிகளின் வரலாறுகளைத் திரட்டி ஒரு நூலாக்கினார். கல்வெட்டுக்களைப் பார்த்தும் மூத்தோரைக் கேட்டும் எழுதினார். சூ ஜிங்ஜியானும் செங்குவோவும் பாவோசியனும் அந்நூலால்தான் எமக்கு அறிமுகமாகின்றனர். அதிலுங்கூட இலங்கையிலிருந்து சென்ற அத்தனை பேருள் ஒருவருடைய பெயரே உண்டு. சீன ஒலிப்பில் எழுதப்பட்ட அப்பெயரைத் தேவசாரா என்று ஆய்வாளர் மீட்டுரைக்கின்றனர். கப்பற் தலைவரின் பெயர் நிலைத்தது. நான்கு ஆண்டுகள் சீனம் கற்ற எண்மரில் ஒருவருடைய பெயர்கூட நிலைக்கவில்லை.

இங்கே எமது கல்லூரியை எண்ணாமல் இருக்க முடியவில்லை. நூறு ஆண்டுகளில் எத்தனை ஆசிரியைகள். அதிபர்களின் படங்கள் மண்டபச் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. எமக்கு அரிச்சுவடி சொல்லித் தந்தவர்கள், விடுதியில் இரவு விளக்கின் கீழ் கணக்கு விளங்கவைத்தவர்கள், இடம்பெயர்ந்த காலத்தில் மரநிழலில் வகுப்பெடுத்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தச் சுவரிலும் இல்லை. எம்மிடையேயும் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் மெல்பேணிலும் புதிய மொழியைக் கற்று, அம்மொழியில் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்ற பழைய மாணவியர் எத்தனை பேர்.

எனவே பழைய மாணவியர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். எமக்குக் கற்பித்த ஆசிரியைகள் ஒவ்வொருவரின் பெயரையும், கற்பித்த பாடத்தையும், நினைவிலுள்ள ஒரு செய்தியையும் எழுதி அனுப்பும்படி உலகெங்கும் உள்ள எம் சகோதரிகளைக் கேட்போம். அவற்றைத் திரட்டி ஒரு நூலாக்குவோம். ஒரு படி கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். மற்றைய படிகள் கடல் கடந்து ஒவ்வொரு கிளைச் சங்கத்திலும் இருக்கட்டும். எண்பது வயதைக் கடந்த மூத்த மாணவியர் எம்மோடு இருக்கும் இந்த ஆண்டிலேயே அதனைத் தொடங்கவேண்டும்.

வாழிய எம் கல்லூரி அன்னை.